தொலைநோக்கியில் சரியாகத் தெரியவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வான்நோக்கு இரவுகளில் மற்றவர்களின் தொலைநோக்கிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை, நான் கேட்டு வாங்காமலேயே என்னிடம் வந்து சேர்ந்தது. "வில்லை கெட்டுவிட்டது", "ஆடி மங்கிவிட்டது" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் வில்லையும் கெட்டிருப்பதில்லை, ஆடியும் மங்கியிருப்பதில்லை. மூடி முழுதாகக் கழற்றப்படாமலோ, ஃபைண்டர் (இலக்கைக் குறிபார்க்க உதவும் சிறு துணைக்கருவி) வேறெங்கோ பார்த்துக்கொண்டோ, குழாய் இன்னும் வீட்டுச் சூட்டிலோ இருந்திருக்கும். அதைவிடத் தொல்லை தருவது, அந்தச் சிறு குறையைத் தேடும் அவசரத்தில் நன்றாக இருந்த திருகுகளையும் திருகிவிட்டு வருவதுதான். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணங்களைச் செலவில்லாதவற்றில் தொடங்கிச் செலவு மிகுந்தவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். திருப்புளியைக் கடைசியில் எடுங்கள்.

கீழே சொல்லப்படும் சோதனைகளில் சில பகலில் செய்ய வேண்டியவை. அப்போது குழாய் சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. குழாயின் முன்வாயில் பொருத்தும் தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் நொடியில் பார்வை போய்விடும். சில பழைய கருவிகளுடன் ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைத் தொகுதி) அடியில் திருகும் கறுப்பு நிறச் சூரிய வடிகட்டி ஒன்று வரும். அது வெப்பத்தில் வெடிக்கக்கூடியது. இருந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள்.

## அறிகுறி 1: எதுவுமே தெரியவில்லை, ஒரே இருட்டு

மூடி. சிரிக்க வேண்டாம். பல தொலைநோக்கிகளின் பெரிய மூடிக்குள் சிறு மூடி ஒன்று இருக்கும். நிலவின் ஒளியைக் குறைத்துப் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. அந்தச் சிறு மூடியை மட்டும் எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி விட்டால் நிலவு தெரியும், வேறெதுவும் ஒழுங்காகத் தெரியாது. பெரிய மூடியையே கழற்ற வேண்டும்.

ஐபீஸ். ஐபீஸின்மேல் எழுதியிருக்கும் எண் பெரிதாக இருந்தால் பெருக்கம் குறைவு. 25 மி.மீ. போட்டுத் தேடிக் கண்டுபிடித்த பிறகே 10 மி.மீ.க்குப் போக வேண்டும். பெருக்கம் எவ்வளவு என்று அறிய, குழாயின் குவியத் தூரத்தை (வில்லையிலிருந்தோ ஆடியிலிருந்தோ ஒளி குவியும் இடம் வரையிலான தூரம்) இந்த எண்ணால் வகுத்தால் போதும்: 700 மி.மீ. குழாயில் 10 மி.மீ. ஐபீஸ் 70 மடங்கு தரும். பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ வில்லை பொருத்தியிருந்தால் அதைக் கழற்றி வையுங்கள்.

ஃபைண்டர். மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் நிலவைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்றால், ஃபைண்டரும் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். பகலில், ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் கோபுர உச்சியையோ மின்கம்பத்தின் தலையையோ 25 மி.மீ. ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து முக்காலியை அசையாமல் நிறுத்துங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருப்பி, அதன் சிவப்புப் புள்ளியையோ குறுக்குக் கோட்டையோ அதே உச்சியில் வையுங்கள். ஐபீஸை 10 மி.மீ.க்கு மாற்றி இன்னொரு முறை செய்தால் துல்லியம் கிடைக்கும். பத்து நிமிட வேலை இது. இரவில் செய்தால் ஒரு மணி நேரமும் போதாது.

## அறிகுறி 2: ஏதோ தெரிகிறது, ஆனால் தெளிவுக்கு வரவில்லை

நடுவில் கறுப்பு வட்டத்தோடு பெரிய ஒளித்தட்டு தெரிந்தால்: இதை ஏதோ கோள் என்று எண்ணி மகிழ்ந்தவர்கள் உண்டு, ஆடியில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அஞ்சியவர்களும் உண்டு. ஃபோகஸ் விலகிய விண்மீன் அது. நடுக் கறுப்பு, குழாயின் வாயருகே இருக்கும் துணை ஆடியின் நிழல். தட்டு சிறுத்துக்கொண்டே போகும் திசையில் ஃபோகஸ் குமிழைத் திருப்பினால், அது ஒரு புள்ளியாகச் சுருங்கும் இடமே ஃபோகஸ்.

சிறுத்துக்கொண்டே வந்து, குமிழ் முட்டி நின்றுவிட்டால்: ஐபீஸைத் தாங்கி நகரும் ஃபோகஸ் குழாய் முழுதும் உள்ளே போயும் போதவில்லையா, முழுதும் வெளியே வந்தும் போதவில்லையா என்று பாருங்கள். உள்ளே போதவில்லை என்றால் நடுவில் தேவையற்ற இணைப்பு ஒன்று இருக்கிறது. நியூட்டன் வகைக் கருவிகளுடன் (முன்வாயருகே பக்கவாட்டில் பார்க்கும் ஆடித் தொலைநோக்கிகள்) சிறியதும் பெரியதுமாக இரண்டு இணைப்பு வளையங்கள் வரும். இரண்டில் ஒன்றைத்தான் பொருத்த வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. வெளியே போதவில்லை என்றால், வில்லைத் தொலைநோக்கியில், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனலை விட்டுவிட்டு ஐபீஸை நேராகச் செருகியிருப்பீர்கள்.

குமிழ் சுற்றுகிறது, குழாய் நகரவில்லை என்றால்: பூட்டுத் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பல்சக்கரம் வழுக்குகிறது. அடிப்பக்கத் திருகுகளைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். பல் தேய்ந்திருந்தால் ஃபோகஸ் பகுதியையே மாற்ற வேண்டியதுதான்.

குறைந்த பெருக்கத்தில் தெளிவு, அதிகப் பெருக்கத்தில் கலங்கல் என்றால்: கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். முன்வாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதற்குமேல் பெருக்கம் வெறும் ஊதல்தான். 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கு உச்சம். அட்டைப்பெட்டியில் 500 என்று அச்சிட்டிருந்தாலும் அதுவே உச்சம். காற்று ஒத்துழைக்காத இரவில் அதில் பாதியே கிடைக்கும்.

## அறிகுறி 3: கோளும் நிலவும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளிகின்றன

என்னிடம் மிகுதியாக வரும் முறையீடு இதுதான். கருவியைக் குறை சொல்வதற்கு முன், பிரகாசமான விண்மீன் ஒன்றை நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்று விலக்கி, அது தட்டாக விரியும்படி செய்து அரை நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். அந்தத் தட்டின்மேல் ஓடுவது எது என்பதிலேயே விடை இருக்கிறது.

நீரோடைபோல வேகமான அலைகள் ஒரே திசையில் ஓடினால்: கலக்கம் மேல்வளியில் இருக்கிறது. வெறும் கண்ணுக்கே விண்மீன்கள் படபடவென்று மின்னும் இரவாக அது இருக்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை, பெருக்கத்தைக் குறைத்து, விண்மீன் கொத்துகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தட்டின் ஓரத்திலிருந்து புகைபோல மெதுவாக ஏதோ சுருண்டு எழுந்தால்: அது குழாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று. வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆடி, வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வந்து சேரும் வரை இப்படித்தான் இருக்கும். 20 செ.மீ. ஆடிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்; அதைவிடப் பெரியதற்கு இன்னும் கூடுதல். பார்க்கத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே மூடியைக் கழற்றி, குழாயை வெளியில் நிறுத்திவிடுவதே இலவச மருந்து. அவசரமானால் ஆடியின் பின்புறம் சிறு கணினி விசிறி ஒன்றைப் பொருத்தலாம்.

கொதிக்கும் பாத்திரத்தின் மேற்பரப்புபோலத் தட்டு முழுதும் பொங்கினால்: அருகில் வெப்பம் இருக்கிறது. பகல் முழுதும் காய்ந்த காங்கிரீட் தளம், பக்கத்து வீட்டுக் கூரை, அப்போதுதான் நிறுத்தப்பட்ட வண்டி, உங்கள் கை ஆகிய எதுவாகவும் இருக்கலாம். சன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இதற்குத் தீர்வே இல்லை. மண் தரைக்கோ புல் தரைக்கோ நகருங்கள்.

கோளின் ஒரு விளிம்பு சிவப்பாகவும் எதிர் விளிம்பு நீலமாகவும் தெரிந்தால்: கோள் அடிவானத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 30 பாகைக்கு மேல் ஏறும் வரை காத்திருங்கள். சிறு வில்லைத் தொலைநோக்கிகளில் நிலவையும் வெள்ளியையும் சுற்றித் தெரியும் ஊதா நிறக் கசிவு வேறு வகை. அது அந்த வில்லையின் இயல்பு, பழுது அன்று.

## அறிகுறி 4: விண்மீன் புள்ளியாக இல்லாமல் வால், கோடு அல்லது முக்கோணமாகத் தெரிகிறது

முதலில் விண்மீனை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஓரத்தில் மட்டும் வால் முளைத்து நடுவில் புள்ளியாக இருந்தால், குட்டையான குவியத் தூரமுள்ள ஆடிகளின் பிறவிக்குணம் அது; விட்டுவிடலாம்.

நடுவிலும் கோடாகத் தெரிந்தால் மூன்று சோதனைகள் உள்ளன. தலையை இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். கோடும் உங்களோடு சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில் இருக்கிறது, மூக்குக் கண்ணாடியோடு பாருங்கள். அடுத்து, தலையை அசைக்காமல் ஐபீஸை மட்டும் அதன் துளையில் சுழற்றுங்கள். கோடு அதோடு சுழன்றால் ஐபீஸைத்தான் மாற்ற வேண்டும். இரண்டுக்கும் அசையாவிட்டால் மட்டுமே குழாய்க்குள் கையை விட வேண்டும்.

வால் நட்சத்திரம்போல ஒரு பக்கம் மட்டும் விரிந்தால்: ஆடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை, கொலிமேஷன், அதாவது ஆடிகளை நேர்ப்படுத்துவது, தேவை. நியூட்டன் வகையில் ஐபீஸ் துளையில், நடுவில் ஊசித் துளையிட்ட மூடி ஒன்றைப் பொருத்தி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். துணை ஆடி துளைக்கு நேர் கீழே வட்டமாகத் தெரிய வேண்டும். அதற்குள், குழாயின் அடியில் இருக்கும் முதன்மை ஆடியின் மூன்று பிடிப்புகளும் தெரிய வேண்டும். ஒன்று மறைந்திருந்தால் துணை ஆடியின் திருகுகளைத் தொடுங்கள். மூன்றும் தெரிந்தால் துணை ஆடியை விட்டுவிட்டு, குழாயின் அடியில் உள்ள மூன்று திருகுகளை மட்டும் சிறிது சிறிதாகத் திருப்பி, முதன்மை ஆடியின் மையக் குறியை ஊசித் துளையின் பிம்பத்தோடு சேருங்கள். துணை ஆடியைத் திருத்தும்போது குழாயைக் கிடையாக வைத்துக்கொள்வது நல்லது. நழுவும் திருப்புளி முதன்மை ஆடியின்மேல் விழாது. அன்றிரவு விண்மீனில் சரிபாருங்கள்: ஃபோகஸை விலக்கினால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே மையத்தில் இருக்க வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் இதற்கு வசதி, அது ஓடிப்போகாது.

கொலிமேஷனுக்கான லேசர் கருவியை நம்புவதற்கு முன் அதை அதன் துளையிலேயே சுழற்றுங்கள். சிவப்புப் புள்ளி வட்டம் போட்டால் கோணல் லேசரில் இருக்கிறது. இன்னொன்று: குழாயின் நீளம் 50 செ.மீ. அளவே இருந்து, குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்தால், ஃபோகஸ் குழாய்க்குள் கூடுதல் வில்லை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் லேசர் வைத்தால் தவறான விடையே கிடைக்கும். இவ்வகைக் கருவிகளைப் புதியவர்கள் வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மூன்று முனையுள்ள விண்மீனாகத் தெரிந்தால்: ஆடியின் பிடிப்புகள் அதை நெரிக்கின்றன. ஒருவர் கொண்டுவந்த கருவியில், ஆடி ஆடக்கூடாது என்று மூன்று பிடிப்புகளையும் வலுக்கொண்ட மட்டும் இறுக்கியிருந்தார். வியாழன்கூட மூலைகளோடு தெரிந்தது. பிடிப்புக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்தியதும் விண்மீன் மீண்டும் புள்ளியானது.

நிபுணரிடம் செல்ல வேண்டிய நேரம்: இவ்வளவும் செய்தபின் வளையங்கள் நீள்வட்டமாகவே நின்றால், அல்லது வில்லைத் தொலைநோக்கியின் முன்வில்லை சாய்ந்திருப்பதாகத் தோன்றினால். முன்வில்லையைப் பிரிக்காதீர்கள், இரு வில்லைகளின் இடைவெளியும் முகப்பும் மாறிவிட்டால் வீட்டில் திரும்பச் சேர்ப்பது அரிது.

## அறிகுறி 5: நன்றாகத் தெரிந்த வானம் மெல்ல மெல்ல மங்கிப்போகிறது

ஒரே இரவில், ஓரிரு மணி நேரத்தில் மங்கினால்: பனி படிந்திருக்கிறது. முதலில் ஐபீஸைப் பாருங்கள், பல நேரம் உங்கள் மூச்சே காரணம். அடுத்து ஃபைண்டர், முன்வில்லை, துணை ஆடி என்று வரிசையாகச் சிவப்பு விளக்கில் பாருங்கள். துணியால் துடைப்பதே செய்யக்கூடாத வேலை. பனியோடு தூசியும் சேர்ந்து பூச்சைக் கீறும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தொலைவில் பிடித்தால் போதும். தடுப்பதற்கு, கறுப்பு நுரைத்தாளைச் சுருட்டி, குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்தில் முன்வாயில் நீட்டிக்கொள்ளுங்கள். அதுவும் தோற்கும் ஈரமான இடங்களில் சூடேற்றும் பட்டை தேவைப்படும். ஈரத்தோடு மூடிவைப்பதுதான் அடுத்த பத்தியில் வரும் செலவுக்குத் தொடக்கம்.

மாதக்கணக்கில் மங்கினால்: டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள்; டார்ச் வெளிச்சத்தில் எந்த ஆடியும் அழுக்காகவே தெரியும். தூசி எவ்வளவு இருந்தாலும் படத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. வேர்விட்டுக் கிளைபிரியும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஆடியின் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து, பின்னால் இருக்கும் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் பூச்சின் ஆயுள் முடிந்துவிட்டது. வில்லைகளுக்கு நடுவே புகுந்த பூஞ்சையும் புது அலுமினியப் பூச்சும் நிபுணரின் வேலை.

## அறிகுறி 6: பார்த்துக்கொண்டிருக்கும்போதே நழுவிப் போகிறது, அல்லது மோட்டார் தவறான இடத்துக்குப் போகிறது

நழுவுவது பூமியின் சுழற்சி. 100 மடங்கில் பொதுவான ஐபீஸ் ஒன்று காட்டும் வட்டம் அரை பாகைதான். வானநடுவரை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) அருகில் உள்ள கோள் அதை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். கையால் நகர்த்தும் மவுண்டில் (குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) இது பழுதாகாது.

மோட்டார் ஓடியும் நழுவினால், பூட்டுப் பிடிகள் தளர்ந்திருக்கின்றனவா, எடை சமமாக இருக்கிறதா, வடக்கு–தெற்கு அரைக்கோளச் சுவிட்ச் சரியான பக்கம் இருக்கிறதா என்று அதே வரிசையில் பாருங்கள். பிறகு துருவ அச்சு, அதாவது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டிய மவுண்டின் அச்சு: அதன் சாய்வு உங்கள் இடத்தின் அட்சரேகையோடு ஒத்திருக்க வேண்டும். துருவ நட்சத்திரமே உண்மையான துருவத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாகை தள்ளித்தான் இருக்கிறது. கண்ணால் பார்க்க அந்தப் பிழை பொருட்டில்லை, படம் எடுக்கத்தான் பொருட்டு.

தானியங்கி மவுண்ட் தவறிப்போனால் எடுத்த எடுப்பில் தேதியைப் பாருங்கள். மாதம் முன்னா, நாள் முன்னா என்ற குழப்பம்தான் நான் பார்த்த தவறுகளில் முதலிடம் பிடிக்கும். அடுத்தவை நேர மண்டலமும், தீர்க்கரேகை கிழக்கா மேற்கா என்பதும். பிறகு, தொடக்கத்தில் திசையை அறிந்துகொள்ள அது கேட்ட விண்மீனைத்தான் காட்டினீர்களா என்று பாருங்கள். திருவாதிரை கேட்டால் ரோகிணியைக் காட்டுவதும், விண்மீன் கேட்டால் வியாழனைக் காட்டுவதும் நடக்கும். பேட்டரி இளைத்தாலும் மோட்டார் உளறும். பற்கள் அரைபடும் ஓசையோ கருகிய வாடையோ வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 7: வரைபடம் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை, அல்லது படங்களில் பார்த்ததுபோல் இல்லை

இந்த அறிகுறிக்குக் கருவியைத் திறக்கவே வேண்டாம்.

"போன மாதம் இங்கேதான் இருந்தது": விண்மீன்கள் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முன்னதாக எழுகின்றன, மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அதே நேரத்தில் வந்து நின்றால் வானம் மேற்கே சரிந்திருக்கும். ஓரியன் நெபுலாவுக்கு (வாயுவும் தூசியும் கலந்த மேகம்) ஜனவரி முதல் மார்ச் வரையிலான முன்னிரவு, கேட்டை இருக்கும் விருச்சிகத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை, ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன் மாதத்தில் ஓரியனைத் தேடினால் அது சூரியனோடு பகலில் போய்க்கொண்டிருக்கும்.

"சனியின் வளையம் போய்விட்டது": 2025 மார்ச் 23 அன்று பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்தது. அதை ஒட்டிய காலத்தில் வளையம் மெல்லிய கோடாகத்தான் தெரியும். பின்னர் ஆண்டுதோறும் விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்துக்கு வரும். இதற்காக ஐபீஸ் வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

"செவ்வாய் வெறும் சிவப்புப் புள்ளி": அது நெருங்கி வருவது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறை, அடுத்தது 2027 பிப்ரவரி. நடுவில் உள்ள மாதங்களில் எந்தச் சிறு கருவியும் அதில் எதையும் காட்டாது. வெள்ளி பிறைபோலத் தெரிவதும், வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் ஒன்று காணாமல் போவதும் இயல்பே.

"நெபுலாவில் நிறமே இல்லை": மங்கிய ஒளியில் கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பல் நிறப் புகைதான் சரியான விடை. அதுவும் தெரியவில்லை என்றால், நிலவு எத்தனை நாள் வயதில் இருக்கிறது என்று பாருங்கள். முழுநிலவு நாளில் நெபுலா தேட வேண்டாம். அன்று நிலவைப் பார்ப்பதும் வீண், நிழல்களே இருக்காது. அடுத்து, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு 20 முதல் 30 நிமிடம் இருட்டில் நில்லுங்கள். பிறகு கார்த்திகைக் கூட்டத்தை வெறும் கண்ணால் எண்ணுங்கள்: ஆறு தெரிந்தால் தேடலாம், நான்குகூடத் தெரியாவிட்டால் அந்த இடத்திலிருந்து விண்மீன் திரள்களைத் தேடுவதில் பயனில்லை, இருண்ட இடத்துக்குப் போக வேண்டும். தேடும்போது நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் பாருங்கள்.

"தலைகீழாகத் தெரிகிறது": அப்படித்தான் தெரியும்.

## அறிகுறி 8: தொட்டால் நடுக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது

குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டி, நடுக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். மூன்று நொடிக்கு மேல் போனால் முக்காலியின் கால்களை உள்ளே தள்ளி உயரத்தைக் குறையுங்கள்; உட்கார்ந்து பார்ப்பது கண்ணுக்கும் நல்லது. எல்லா மரைகளையும் இறுக்குங்கள், நடுத் தட்டில் கனமான பையை வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மவுண்ட் அந்தக் குழாயைத் தாங்கும் வலுவில்லாதது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

## அறிகுறி 9: நிலவின்மேல் கறுப்பு இழைகள் மிதக்கின்றன

ஐபீஸைச் சுழற்றுங்கள், பிறகு குழாயைச் சற்று நகர்த்துங்கள். இழைகள் ஐபீஸோடு சுழன்றால் அது ஐபீஸில் ஒட்டிய தூசி; ஊதுபந்தால் ஊதுங்கள். இரண்டுக்கும் அசையாமல், நீங்கள் கண்ணை உருட்டும்போது மட்டும் பின்தொடர்ந்து மிதந்தால் அவை உங்கள் கண்ணுக்குள்ளேயே இருப்பவை. பெருக்கம் கூடக்கூட ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை ஊசிபோல மெலிவதால் அவற்றின் நிழல் எடுப்பாகத் தெரிகிறது. குறைந்த பெருக்கத்துக்கு வந்தால் மறைந்துவிடும். ஆனால் அவை திடீரென்று பெருகியிருந்தாலோ, இருட்டில் கண்ணோரம் மின்னல்போல வெளிச்சம் வெட்டினாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் இருந்தாலோ, தொலைநோக்கியை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.